அடுப்படிக்கு வந்த விருந்தாளி

“கதவைத் தட்டிட்டுத்தான் உள்ள வந்துச்சு அந்தக் கடல்நாய். மிதியடில வயித்தைத் தேய்ச்சு நல்லாத் துடைச்சுக்கிச்சு. செருப்பைக் கழட்டி ஓரமா வைக்கல, அது ஒண்ணுதான் குறை. போட்டுக்கிட்டு வந்தாத்தானே கழட்டறதுக்கு?”

எய்லிஃப் இதைச் சொன்னபோது அவருடைய வலது கை மூன்று தலையணைகளின் மேல் மகாராஜா மாதிரி சாய்ந்திருந்தது. மோதிர விரல் மட்டும் அவித்த உருளைக்கிழங்கு போலப் பளபளவென்று வீங்கிச் சிவந்திருந்தது. காற்று பட்டாலே வலிக்கும் விரல் அது. ஆனால் வாய்க்கு என்ன வந்தது?

“அப்புறம் தாத்தா?” என்றாள் நர்ஸ் சுன்னிவா, ஊசி மருந்தை மாற்றியபடி.

“அப்புறம் என்ன? என் நாற்காலிக்கு ஆசைப்படல. மரியாதை தெரிஞ்ச பிராணி. அடுப்புக்குப் பக்கத்துல விரிப்புல உக்காந்துச்சு. மீன் வடை ஒரு சட்டி நிறைய தின்னுச்சு. கடைசி ஒண்ணு எனக்குன்னு கையை நீட்டினேன். விரலைப் பிடிச்சிடுச்சு!”

“ஐயோ!”

“நான்கூட அவ்வளவு வருத்தப்படல. அதுக்குத்தான் முகம் வாடிப்போச்சு. மன்னிப்புக் கேட்டுட்டுத்தான் கிளம்பிச்சு.”

சுன்னிவா சிரித்த சிரிப்பில் மருந்துக் குப்பி ஆடியது. பக்கத்துக் கட்டில்காரர் தன் வயிற்றுத் தையலைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரிக்காமல் நின்றது ஒரே ஒருத்தி. வாசலில் வெள்ளைக் கோட்டுடன் குன்வோர்.

“போதும்ப்பா” என்றாள்.

“வாங்க டாக்டரம்மா! உங்க அனுமதி இல்லாம ஒரு கடல்நாய் எங்க வீட்டுக்கு வந்துட்டுது. மன்னிக்கணும்.”

ஸ்கார்விக் துறைமுகத்தில் எய்லிஃபின் புளுகுக்குத் தனி மரியாதை உண்டு. கரையோரக் கப்பலில் ஆயுள் முழுக்கச் சமைத்தவர். அவர் பிடித்ததாகச் சொன்ன மீன்களையெல்லாம் கடலில் திருப்பி விட்டால் தண்ணீருக்கு இடம் இருக்காது. அவர் பார்த்ததாகச் சொன்ன புயல்கள் எல்லாம் நிஜமாகவே அடித்திருந்தால் நோர்வே என்ற தேசம் இந்நேரம் கிரீன்லாந்தில் கரை ஒதுங்கியிருக்கும். ஊரே அவரை ரசித்தது. மகள் மட்டும் ரசிப்பதை நிறுத்திக் கிட்டத்தட்ட ஒரு வருடம் ஆகிறது.

காரணம், யோருன். எய்லிஃபின் மனைவி, குன்வோரின் அம்மா. மூளையைச் சிறுகச் சிறுகத் தின்னும் ஓர் அபூர்வ நோய், கடைசியில் பேச்சைப் பிடுங்கிக்கொண்டு போயிருந்தது. அந்த நோயில் போன பேச்சு திரும்பி வராது. அதைக் குன்வோரைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் அந்த வடகோடியில் யாரும் இல்லை. ஏனென்றால் ஊர் மருத்துவமனையில் அபூர்வ நோய்களையும் காரணம் பிடிபடாத தொற்றுகளையும் ஆராயும் பிரிவே அவளுடையதுதான்.

அம்மாவை அடக்கம் செய்துவிட்டு எல்லோரும் காப்பிக்கு உட்கார்ந்திருந்த இடத்தில் எய்லிஃப் எழுந்து நின்று சொன்னார். “கடைசி நாள் காலைல யோருன் எழுந்து உக்காந்தா. வாஃபிள் கேட்டா, பழுப்புச் சீஸ் வச்சு. சாப்பிட்டா. அப்புறம் குன்வோரைக் கூப்பிட்டு...”

அவர் முடிக்கவில்லை. குன்வோர் கோப்பையைத் தட்டில் வைத்த சத்தம் கூடமெங்கும் கேட்டது. “அம்மா விஷயத்துலயுமா புளுகு?” என்று கேட்டுவிட்டு எழுந்து போனவள்தான். அதன் பிறகு அப்பாவின் வாசலை அவள் மிதிக்கவில்லை.

இந்த வாரம் விரல்தான் இருவரையும் ஒரே கூரைக்குக் கீழே கொண்டுவந்து போட்டது. வீக்கம் ஏறி, யோருன் கல்யாணத்தன்று போட்டுவிட்ட மோதிரத்தை அறுத்து எடுக்க வேண்டியதாயிற்று. அறுக்கும்போது எய்லிஃப் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. அதைப் பார்த்துத்தான் மகன் ஸ்டைனார் பயந்துபோனான்.

*

அறுவை மருத்துவர் தூர்ஹில்ட் குன்வோரைத் தாழ்வாரத்துக்கு அழைத்தாள். இருவரும் ஒன்றாகப் படித்தவர்கள்.

“ரெண்டு மணிக்கு உள்ள கூட்டிட்டுப் போறேன். திறந்து பார்ப்பேன். மூட்டு அரிச்சுப்போயிருந்தா விரலை எடுத்துடறதுதான் உத்தமம். உள்ளங்கைக்கு இறங்கிடுச்சுன்னா அப்புறம் கையே போயிடும்.”

“அப்பா ஒத்துக்கிட்டாரா?”

“கையெழுத்துப் போட்டார். இடது கையால. ‘எடுத்த விரலை உப்புல போட்டுக் குடு, வீட்டு விருந்தாளி வந்தா வைக்கலாம்’னார்.”

குன்வோர் உதட்டைக் கடித்துக்கொண்டாள். “சோதனைத் தட்டுல கிருமி ஒண்ணுமே வளரலையா?”

“ஒண்ணுமில்ல. சுத்தமா இருக்கு. சீழ் இல்ல. குடுத்த மருந்து எல்லாம் தண்ணி மாதிரி போகுது. ஆனா வலி மட்டும் விரலுக்குப் பொருத்தமே இல்லாம எக்கச்சக்கம். இது என்ன கிருமின்னு நீதான் சொல்லணும், ஆனா உன்னைக் கேக்கக் கூடாது.”

அதுதான் அங்கே வழக்கம். சொந்தக்காரர்களுக்கு வைத்தியம் பார்க்கக் கூடாது. கட்டில் பக்கம் மகளாக வரலாம், மருத்துவராக வாய் திறக்கக் கூடாது. எய்லிஃப் வந்து சேர்ந்த அன்று தூர்ஹில்ட் அவளிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்: “உங்க அப்பா ஏதோ கடல்நாய்ங்கறாரே, அதுல எதை எடுத்துக்கறது?”

குன்வோரும் ஒரே ஒரு பதில்தான் சொன்னாள்: “எதையும் எடுத்துக்காதே. தூண்டில் முள் குத்தியிருக்கும்.”

அந்த வார்த்தையை நம்பி, முள் குத்திய விரலுக்கு உண்டான மருந்தே இத்தனை நாளும் ஏறியது.

*

“என் கம்பளிக் காலுறை இல்லாம நான் வரமாட்டேன்” என்று எய்லிஃப் அடம் பிடித்தார். “யோருன் பின்னினது. அடுப்புக்கு மேல கொடில கிடக்கு. வெறுங்காலோட கத்திக்குக் கீழ படுக்கறதுக்கு நான் என்ன காட் மீனா?”

ஸ்டைனார் கார் சாவியை எடுத்தான். “வா அக்கா. போயிட்டு வந்துடலாம்.”

“நீ போயிட்டு வா.”

“வான்னா வா. அந்தக் கொடில எது அம்மா பின்னினது, எது கடைல வாங்கினதுன்னு எனக்குத் தெரியாது.”

குன்வோர் காரில் ஏறினாள். மார்ச் மாதம், பாதையோரப் பனி அழுக்காகிக் குவிந்திருந்தது. சூரியன் மலைக்குப் பின்னாலிருந்து தலையை நீட்டி, எதற்கு வந்தோம் என்று தெரியாமல் விழித்தது.

“நீ அவர்கிட்ட சரியாப் பேசி எவ்வளவு நாளாச்சு?” என்றான் ஸ்டைனார்.

“நான் தினமும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்.”

“கட்டில் சீட்டைப் பாக்கற. அவரைப் பாக்கல.”

“அவர் சொன்னதை நீ நம்பறியா? அம்மா எழுந்து உக்காந்து வாஃபிள் தின்னாங்கன்னு?”

ஸ்டைனார் வண்டியை மெதுவாக்கினான். “நம்பல. ஆனா நான் கடைசி வரைக்கும் கேட்டேன்க்கா. நீ கேக்கல.”

அவளுக்குச் சுருக்கென்றது. ஏனென்றால் கேட்பதுதான் அவள் தொழில். புதிதாக வரும் இளம் மருத்துவர்களை உட்காரவைத்து அவள் முதலில் சொல்லிக்கொடுப்பதே இதுதான்: நோயாளி பேசுறதை வெட்டாதீங்க. திருத்தாதீங்க. அபத்தமா இருந்தா இன்னும் கவனமாக் கேளுங்க, கிருமி அங்கதான் ஒளிஞ்சிருக்கும். ஒருமுறை ஒரு பெண்மணி தன் கிளி தன்னைச் சபித்துவிட்டது என்றாள். குன்வோர் அந்தக் கிளியையே வரவழைத்துக் காய்ச்சலின் காரணத்தைக் கண்டுபிடித்தாள். கிளி சபித்ததை நம்பியவள் அவள்!

*

யோருன் போன பிறகு எய்லிஃப் மாடி வீட்டைப் பூட்டிவிட்டுக் கீழே படகுக் கொட்டகையிலேயே அடுப்பும் கட்டிலும் போட்டுக்கொண்டு இருந்தார். ஒரு பக்கம் மனிதர் போகும் கதவு. இன்னொரு பக்கம் படகு இறங்கும் பெரிய கதவு. அதன் அடிப்பலகை உப்பில் இற்றுப்போய், ஒரு பீப்பாய் உருண்டு வரும் அளவுக்குச் சந்து விட்டிருந்தது.

குன்வோர் உள்ளே காலை வைத்தாள். தரை ஈரமாக இருந்தது.

“கூரை ஒழுகுதா?” என்றாள்.

ஸ்டைனார் உள்ளே எட்டிப் பார்த்தான். அவன் கையிலிருந்த சாவி கீழே விழுந்தது.

அடுப்புக்குப் பக்கத்தில், யோருன் கிழிந்த துணிகளைக் கோத்து நெய்த விரிப்பின் மேல், கடல்நாய் ஒன்று கிடந்தது. குட்டிப் பருவம் தாண்டிய இளசு. இளைத்துப்போய் விலா தெரிந்தது. தலையைத் தூக்கி இருவரையும் பார்த்தது. யார் நீங்கள் என்று கேட்கும் பார்வை; வீட்டுக்காரர் இல்லாத நேரத்தில் வந்த அயலாரை ஒரு பழைய குடித்தனக்காரர் பார்ப்பாரே, அந்தப் பார்வை.

“அக்கா...”

“அசையாதே. கிட்டப் போகாதே.”

கடல்நாய் ஏமாற்றத்துடன் மூக்கைச் சிந்தியது. பிறகு தன் முன்னால் இருந்த தட்டை மோவாயால் ஒரு தள்ளுத் தள்ளியது. காலித் தட்டு தரையில் கிறீச்சிட்டது.

நீலக் கரை போட்ட தட்டு. அம்மாவின் தட்டு. அவள் போன பிறகு அதில் யாரும் சாப்பிடக் கூடாது என்று எய்லிஃப் அலமாரியில் தனியாக எடுத்துவைத்த தட்டு. கிறிஸ்துமஸுக்கு வந்த ஸ்டைனாரின் பிள்ளைகளுக்குக்கூடக் கொடுக்காத தட்டு.

அதைத் தரையில் வைத்து மீன் வடை போட்டிருக்கிறார். மகள் வரவில்லை. மகன் கப்பல் வேலைக்கு நடுவில் எப்போதாவது எட்டிப் பார்த்தான். அந்தக் குளிர்காலம் முழுக்க வாசல் தேடி வந்து அடுப்பண்டை உட்கார்ந்து அவர் பேச்சைக் கடைசி வரைக்கும் கேட்டது இது ஒன்றுதான்.

குன்வோரின் தலைக்குள் எல்லாம் ஒரே நேரத்தில் வந்து விழுந்தன. சீழ் இல்லாத வீக்கம். விரலுக்குப் பொருந்தாத வலி. சோதனைத் தட்டில் வளராத கிருமி. தண்ணீராகிப்போன மருந்து.

கொழுப்பு விரல். கடல்நாய் வேட்டைக்குப் போனவர்களுக்கு வந்து வந்து விரலைத் தின்ற நோய்க்கு அந்தக் கரையில் அதுதான் பெயர். வேட்டை நின்றதும் நோயும் மறைந்துபோயிற்று. ஒரே ஒருமுறையாவது கண்ணால் பார்த்துவிட மாட்டோமா என்று அவள் எத்தனையோ வருடம் ஏங்கிய நோய். வேறு வகை மருந்து கொடுத்தால் பெட்டிப்பாம்பாக அடங்கிவிடும் நோய். எந்த மாநாட்டு மேடையில் நிறுத்தினாலும் கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். அது அப்பாவின் வாயால், முதல் நாளே, கடித்த பிராணியின் பெயரோடு அவளைத் தேடி வந்தது. அவள்தான் கதவைச் சாத்தினாள்.

“ஃபோன்!” என்று கத்தினாள். கடல்நாய் திடுக்கிட்டுத் திரும்பிக் குரைத்தது.

எடுத்தது சுன்னிவா. “தாத்தாவை அப்பவே உள்ள கொண்டுபோயிட்டாங்களே டாக்டர். அவருக்கு முன்னாடி இருந்தவருக்குக் காய்ச்சல்னு தள்ளிவச்சுட்டாங்க. காலுறை இல்லாமப் போறேன்னு திட்டிக்கிட்டே போனார்.”

“ஆபரேஷன் அறைக்குக் குடு. இப்பவே.”

காத்திருந்த நேரத்தில் ஸ்டைனார் கொடியிலிருந்த காலுறைகளை எல்லாம் அள்ளிக்கொண்டான். அள்ளிய வேகத்தில் இரண்டு கீழே விழுந்தன. அவற்றின் மேல் கடல்நாய் நிதானமாகத் தலையை வைத்துக்கொண்டது.

தூர்ஹில்டின் குரல் வந்தது. “குன்வோர், கை திறந்திருக்கு. சீக்கிரம் சொல்லு.”

“எடுக்காதே. விரலை எடுக்காதே. கொழுப்பு விரல் அது. நான் டாக்டராப் பேசல. அவர் பொண்ணாப் பேசறேன். கடல்நாய் கடிச்சது நிஜம்.”

“யார் சொன்னது?”

“முதல்லேருந்து அவர்தான் சொல்லிக்கிட்டிருக்கார்!” அவள் குரல் உடைந்தது. “அது என் முன்னாடி உக்காந்திருக்கு தூர்ஹில்ட். அம்மாவோட விரிப்புல உக்காந்திருக்கு.”

அந்தப் பக்கம் ஏதோ ஒரு கருவியை உலோகத் தட்டில் வைக்கும் சத்தம். பிறகு நீண்ட மூச்சு.

“வெட்டப் போற நேரத்துல கூப்பிட்ட. சரி. கழுவி மூடறேன். மருந்தை மாத்தறேன். விரல் நிக்கும்.”

குன்வோர் கண்ணை மூடிக்கொண்டாள்.

“ஆனா மூட்டு போச்சு. மடங்காது. இனி எப்பவுமே மடங்காது. முதல் நாளே...”

தூர்ஹில்ட் நல்ல சிநேகிதி. அதோடு நிறுத்திக்கொண்டாள். மீதியைக் குன்வோர் தனக்குத் தானே சொல்லிக்கொள்ள ஆயுள் முழுக்க நேரம் இருந்தது.

*

சாயங்காலம் எய்லிஃப் கண் விழித்தார். முதலில் காலைப் பார்த்தார். யோருன் பின்னிய சாம்பல் நிறக் காலுறை. அடுத்துக் கையைப் பார்த்தார். கட்டுக்குள் ஐந்து விரலும் இருந்தன. கடைசியாக மகளைப் பார்த்தார். கோட்டு இல்லாமல் உட்கார்ந்திருந்தாள்.

“இருக்கா?”

“இருக்குப்பா. மடங்காது.”

“மோதிரம் ஏறுமா?”

“வளையத்தைப் பெருசாக்கி ஒட்டினா ஏறும்.”

“அப்ப மடங்கி என்ன ஆகணும்? மடக்கிக் காட்டிச் சம்பளமா வாங்கப் போறேன்?” உடனே அடுத்த கேள்வி. “அது சாப்பிட்டுதா?”

“ஸ்டைனார் ஹெரிங் மீன் வாங்கிப் போட்டான். நீளமான துடுப்பால தள்ளித் தள்ளி. பயந்து செத்தான். அதுக்கப்புறம் பெரிய கதவைத் திறந்துவிட்டோம். தண்ணில இறங்கிடுச்சு.”

“திரும்பிப் பாத்துதா?”

“பாத்துது.”

“பாக்கும். மரியாதை தெரிஞ்சது.”

குன்வோர் காலுறையின் நூல் பிரிந்த இடத்தை விரலால் சரிசெய்தாள். சரியாகவில்லை. மறுபடி செய்தாள்.

“தட்டு உடையல. கழுவி அலமாரில வச்சுட்டேன்.”

“ஏன் அங்க வச்ச? கீழயே வை. வந்தா வேணும்.”

“அப்பா.”

“ம்.”

“அம்மா கடைசி நாள் காலைல... என்னைக் கூப்பிட்டாங்கன்னு சொன்னியே.”

எய்லிஃபின் முகத்தில் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் குறும்பு, விளக்கை அணைத்தது போல நின்றது. இப்படி ஒரு முகம் அவருக்கு உண்டு என்பதையே குன்வோர் மறந்திருந்தாள்.

“நீதான் பாதியிலேயே எழுந்து போயிட்டியே.”

“இப்பக் கேக்கறேன்.”

“அப்பச் சொல்லியிருந்தா சுடச்சுட இருந்திருக்கும். அவ சொன்ன மாதிரியே, அவ குரல்லயே வந்திருக்கும். இத்தனை நாள் உள்ளயே வச்சு வச்சு, எது அவ சொன்னது, எது நானா சேத்ததுன்னு எனக்கே பயமா இருக்கு. என் வாயைத்தான் உனக்குத் தெரியுமே.”

“பரவாயில்ல. சேத்துச் சொன்னாலும் கேக்கறேன்.”

“இன்னைக்கு வேணாம். அதுக்கு வாஃபிள் வேணும், அடுப்பு வேணும். நீ வீட்டுக்கு வரணும்.” கட்டுப் போட்ட கையை மெல்ல உயர்த்திக் கதவைக் காட்டினார். “அதுக்கு முன்னாடி என் மானம் போயிருக்கு இந்த வார்டுல. அதை முதல்ல மீட்டுக் குடு.”

கதவருகில் சுன்னிவா புது மருந்தோடு நின்றிருந்தாள். அவளுக்குப் பின்னால் தூர்ஹில்ட். பக்கத்துக் கட்டில்காரர் முழங்கையை ஊன்றி எழுந்தே விட்டார்.

“டாக்டர்,” என்றாள் சுன்னிவா, “கேன்டீன் வரைக்கும் இதே பேச்சுதான். தாத்தா சொன்ன கடல்நாய் நிஜமாவே வந்துச்சா?”

எல்லோரும் குன்வோரைப் பார்த்தார்கள். எய்லிஃப் மட்டும் ஜன்னலைப் பார்த்தார். தன் கதையை வேறொருவர் சொல்வதைக் கேட்டுப் பழக்கமில்லாதவர்.

குன்வோர் எழுந்து நின்றாள். அன்று அந்தக் காப்பிக் கூடத்தில் எழுந்த அதே வேகத்தில் அல்ல. மெதுவாக, நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு.

“வந்துச்சு” என்றாள். “மிதியடில வயித்தைத் துடைக்கல. தரையெல்லாம் ஒரே ஈரம். அது ஒண்ணுதான் பொய். மத்ததெல்லாம் நடந்தது.”